ஒரே பெயரில் மூன்று பேர்

எங்கள் செட்டில் ஒரே பெயரில் மூன்று பேர். அதில் நான் ஒருவன். முதல் வாரம் அட்டெண்டன்ஸில் அந்தப் பெயரைக் கூப்பிட்டால் மூன்று மூலையிலிருந்து "பிரசன்ட் சார்" வரும். இனிஷியல் சொல்லிப் பார்த்தார்கள். இரண்டு பேருக்கு இனிஷியலும் ஒன்று. ஆனால் ஹாஸ்டலுக்கு இது ஒரு பிரச்சினையே இல்லை. இரண்டாவது வாரத்துக்குள் ஒருவன் 'நெட்டை' ஆனான், நான் 'மதுரை' ஆனேன், மூன்றாமவனுக்கு வைத்த பெயர் இந்த மலரில் அச்சேறக் கூடியது அல்ல. மெஸ் ரிஜிஸ்டரில் மட்டும் கடைசி வரை குழப்பம் தீரவில்லை. நெட்டை சாப்பிட்ட எக்ஸ்ட்ரா ஆம்லெட்டுக்கெல்லாம் நாலு வருஷம் நான் பணம் கட்டினேன்.

இதற்கு நேர் எதிரான ஆளும் எங்கள் செட்டில் இருந்தான். சர்டிபிகேட்டில் ஒரு பெயர், வீட்டில் ஒரு பெயர், ஹாஸ்டலில் ஒரு பெயர். ஒருநாள் அவன் அப்பா ஊரிலிருந்து பலகாரத்தோடு வந்து வீட்டுப் பெயரைச் சொல்லி விசாரிக்க, "அப்படி இங்க யாரும் இல்லீங்களே" என்று பஸ் ஸ்டாண்டுக்கே திருப்பி அனுப்பிவிட்டோம்.

மலர்க் குழு நண்பர்கள் போன் செய்து, "கெமிக்கல்காரன் நீ, உன் தொழில் சம்பந்தமா ஒரு வரலாற்றுக் கட்டுரை கொடு" என்று கேட்டபோது எனக்கு இந்த இரண்டு கதைகளும்தான் ஞாபகம் வந்தன. ஒரு பெயருக்குள் பல பேர் ஒளிந்திருப்பதும், ஒரே ஆள் பல பெயரில் திரிவதும் நம் ஹாஸ்டலில் மட்டும் நடந்தது இல்லை. கடலுக்குள் 250 வருஷமாக நடந்திருக்கிறது. அதைக் கண்டுபிடித்த கதையைத்தான் சொல்லப் போகிறேன். நடுவில் என் கதையும் கொஞ்சம் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மூட்டையில் வந்த வினை

2012இல் நான் ஒரு கராஜீனன் தொழிற்சாலையில் ஷிப்ட் இன்ஜினியர். கராஜீனன் என்ற பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். சாக்லேட் பாலில் கோகோ அடியில் போய்ப் படியாமல் நிற்பதும், டூத்பேஸ்ட் தண்ணீராக ஓடாமல் பிரஷ்ஷில் உட்காருவதும் பெரும்பாலும் இதன் உபயம். சிவப்புக் கடற்பாசிகளிலிருந்து எடுக்கிறார்கள். நோன்பு காலத்தில் பாலில் காய்ச்சித் துண்டு போடும் கடல்பாசி, அதாவது சைனா கிராஸ் என்கிற அகர் அகர், இதற்குச் சித்தப்பா மகன் முறை.

வேலை கேட்பதற்கு எளிது. காய்ந்த பாசியை மூட்டை மூட்டையாக வாங்கி, கல் மண் கயிறு பொறுக்கி, கழுவி, சூடான காஸ்டிக் பொட்டாஷில் வேக வைத்து, மறுபடி கழுவி, காயவைத்து அரைக்க வேண்டியதுதான். கடைசியில் அந்தப் பொடியைக் கரைத்து, உறைய வைத்து, அந்தக் கட்டி எவ்வளவு அழுத்தம் தாங்குகிறது என்று பார்ப்பார்கள். அந்த எண்தான் எங்களுக்குப் பரீட்சை மார்க்.

ஒரு மாதம் அந்த மார்க் தொடர்ந்து விழுந்தது. ஒருநாள் பாஸ், மறுநாள் ஃபெயில். மூட்டைகள் எல்லாம் இறக்குமதிச் சரக்கு. எல்லாவற்றின் மேலும் ஒரே பெயர்தான்: 'காட்டனி'. சரக்கு ஒன்று, முறை ஒன்று, வேக வைக்கிறவன் மட்டும் நான். அப்புறம் என்ன, தப்பு யார் தலையில் விழும்? வெப்பநிலையைச் சரியாகப் பார்க்கவில்லை என்று எனக்கு மெமோ வந்தது. அந்த வருஷ இன்கிரிமென்ட்டும் அதோடு போனது. நானும் தெர்மாமீட்டரை மாற்றினேன், வால்வை மாற்றினேன், மூன்று ராத்திரி தூங்காமல் வேக வைக்கும் தொட்டி பக்கத்திலேயே நின்றேன். ஒன்றும் நடக்கவில்லை.

யார்டில் பாசி பொறுக்கும் பெண்களில் ஒரு அக்கா இருந்தார். ராமநாதபுரம் கடற்கரைக்காரர். சின்ன வயதில் அம்மாவோடு கடலில் முங்கிப் பாசி எடுத்தவர். நான் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டு வந்தார்.

"என்ன தம்பி, காய்ச்சல்காரன் மாதிரி உக்காந்துட்டீங்க?"

சொன்னேன். அவர் சிரித்துவிட்டு ஒரு மூட்டையைத் தரையில் கொட்டினார்.

"ஒரு மூட்டைல ரெண்டு பாசி கெடக்கு தம்பி. இந்தா பாருங்க, இது தடியா, வழுவழுன்னு இருக்கு. இது முள்ளு முள்ளா வளையம் கட்டியிருக்கு. ரெண்டையும் ஒண்ணாப் போட்டு அவிச்சா எப்படி ஒண்ணு சேரும்?"

எனக்கு அப்போது இரண்டும் ஒரே மாதிரிதான் தெரிந்தது. உப்பு பூத்த பழுப்புக் கயிறு, அவ்வளவுதான். ஆனாலும் அவர் பிரித்துக் கொடுத்ததைத் தனித்தனியாக வேக வைத்துப் பார்த்தேன். ஒன்று உடைத்தால் சட்டென்று உடையும் கெட்டிக் கட்டி. இன்னொன்று அல்வா மாதிரி ஜவ்வு. முதலாவதில் இருப்பது காப்பா வகைக் கராஜீனன், இரண்டாவதில் இருப்பது அயோட்டா வகை. இரண்டுக்கும் சந்தை உண்டு. கலந்தால் மட்டும் இரண்டுக்கும் ஆகாது.

ரிப்போர்ட் எழுதினேன். "பார்வை ஆய்வில் சரக்கில் கலப்பு இருப்பது கண்டறியப்பட்டது" என்று ஒரு வரி. கீழே என் கையெழுத்து. அக்காவைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. இது பற்றி மறுபடி பேசுவோம்.

கண்ணை நம்பிய காலம்

அந்தச் சம்பவத்துக்குப் பிறகுதான், மூட்டை மேல் இருக்கும் பெயரை யார் வைத்தார்கள், எதைப் பார்த்து வைத்தார்கள் என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

செடி கொடிகளுக்கு இரண்டு சொல் லத்தீன் பெயர் வைக்கும் வழக்கத்தை நிலைநிறுத்தியவர் ஸ்வீடன் நாட்டு லின்னேயஸ். 1753இல் வெளிவந்த அவருடைய புத்தகத்தில் கடற்பாசிகளும் உண்டு, ஆனால் மிகக் கொஞ்சம். 1768இல் சாமுவேல் காட்லீப் மெலின் கடற்பாசிகளுக்கென்றே தனிப் புத்தகம் போட்டார். அதற்குப் பிறகு கப்பலில் போனவர்கள் எல்லாம் பாசியைப் பிடுங்கிக் காகிதத்தில் ஒட்டி ஐரோப்பாவுக்கு அனுப்பினார்கள். அங்கே உட்கார்ந்திருந்தவர்கள் அதைப் பார்த்துப் பெயர் வைத்தார்கள்.

இங்கே ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். ஒரு இனத்துக்குப் பெயர் வைக்கும்போது ஒரு குறிப்பிட்ட மாதிரியை 'இதுதான் அது' என்று பாதுகாத்து வைப்பார்கள். நிலத்துக்கு மூலப் பத்திரம் மாதிரி. பின்னால் வில்லங்கம் வந்தால் அந்த மாதிரியைத்தான் எடுத்துப் பார்க்க வேண்டும்.

வில்லங்கம் வராமல் இருக்குமா? பாசிக்குப் பூ இல்லை, காய் இல்லை, விதை இல்லை. அலை அடிக்கும் பாறையில் வளர்ந்தால் குட்டையாக, தடியாக இருக்கும். அதே பாசி அமைதியான குட்டையில் வளர்ந்தால் நீளமாக, மெலிதாக இருக்கும். மீன் கடித்தால் பக்கக் கிளை விடும். வெயில் அதிகமானால் நிறம் வெளுக்கும். ஆக ஒரே இனம் பத்து உருவம் எடுக்கும். பத்து இனம் ஒரே உருவத்திலும் நிற்கும். உருவத்தை மட்டும் பார்த்துப் பெயர் வைத்தால் நம் மெஸ் ரிஜிஸ்டர் கதைதான்.

ஒரு உதாரணம். பாறைகளில் பச்சையாக, கோஸ் இலை போல விரிந்திருக்கும் பாசியையும், குழாய் போல வளரும் பச்சைப் பாசியையும் லின்னேயஸ் 'அல்வா' என்ற ஒரே பேரினத்தில் வைத்திருந்தார். (தின்னும் அல்வா இல்லை, இது லத்தீன்.) 1820இல் குழாய்ப் பாசிகளைப் பிரித்து 'என்டரோமார்ஃபா' என்று தனிப் பேரினம் ஆக்கினார்கள். இலை வேறு, குழாய் வேறு, இதில் என்ன சந்தேகம்? பாடப் புத்தகங்களும் 180 வருஷம் அப்படியே சொல்லிக் கொடுத்தன. 2003இல் மரபணுவை ஒப்பிட்டுப் பார்த்த ஆறு பேர் கொண்ட குழு, இந்தப் பிரிவினைக்கு ஆதாரமே இல்லை, லின்னேயஸ் முதலில் சொன்னதுதான் சரி என்று எழுதியது. பேரினம் ஒன்றானது. ஆனால் அதற்கு ஐந்து வருஷம் முன்பே, 1998இல், ஒன்றா இரண்டா என்று வெகுகாலம் சண்டை நடந்த இரண்டு குழாய்ப் பாசிகள் உண்மையிலேயே இரண்டு இனங்கள் என்று அதே மரபணு முறை காட்டியிருந்தது. சேர்க்க வேண்டியதைப் பிரித்தோம், பிரிக்க வேண்டியதில் குழம்பினோம்.

காட்டனி அல்லாத காட்டனி

இனி என் மூட்டைக்கு வருவோம். காட்டன் துணிக்கும் இந்தப் பெயருக்கும் சம்பந்தமில்லை. 'யூக்கீமா காட்டனி' என்ற பெயரை 1913இல் வைத்தவர் நெதர்லாந்து நாட்டுப் பாசியியல் அறிஞர் அன்னா வெபர் வான் போஸே. 1899-1900இல் இந்தோனேசியக் கடல்களைச் சுற்றிய 'சிபோகா' கப்பல் ஆய்வில் கலந்துகொண்ட அம்மையார் அவர்.

இந்தப் பெயர் வியாபாரத்துக்கு வந்தது பிறகுதான். 1960கள் வரை கராஜீனனுக்கு வட அட்லாண்டிக் கரையில் தானாக வளரும் பாசிதான் முக்கிய ஆதாரம். தேவை ஏறியது, பாசி போதவில்லை. ஹவாய் பல்கலைக்கழகத்தின் மேக்ஸ்வெல் டோட்டி, ஒரு அமெரிக்கக் கராஜீனன் கம்பெனியின் உதவியோடு பிலிப்பைன்ஸில் பாசியைப் பயிர் செய்து பார்த்தார். 1970களின் தொடக்கத்தில் தென் பிலிப்பைன்ஸின் மீனவக் குடும்பங்கள் கடலில் கயிறு கட்டி, துண்டு துண்டாகப் பாசியைக் கட்டி வளர்க்க ஆரம்பித்தன. நல்ல விளைச்சல். அந்தச் சரக்குக்கு வியாபாரிகள் வைத்த பெயர் 'காட்டனி'. முள் உள்ள இன்னொன்றுக்கு 'ஸ்பினோசம்'.

ஆனால் டோட்டி உற்றுப் பார்த்தபோது, நன்றாக விளைகிற அந்தப் பயிர் 1913இல் பெயர் வைத்த காட்டனி அல்ல என்று தெரிந்தது. 1985இல் அதைப் புதிய இனமாக அறிவித்து, தன்னோடு வேலை செய்த பிலிப்பைன்ஸ்காரர் அல்வாரெஸ் பெயரால் 'யூக்கீமா அல்வாரேசி' என்று எழுதினார். அதன் முக்கிய ரகத்துக்கு அந்த ஊர்க்காரர்கள் சொன்ன 'தம்பாலாங்' என்ற பெயரையே வைத்தார். 1988இல் காப்பா வகைக் கராஜீனன் தருகிற பாசிகளைத் தனியாகப் பிரித்து 'கப்பாஃபைகஸ்' என்று புதிய பேரினம் உண்டாக்கினார்.

பேராசிரியர் திருத்தினார், வியாபாரம் திருந்தவில்லை. மூட்டை மேல் காட்டனி காட்டனியாகவே நின்றது. மூட்டைக்குள் அல்வாரேசி இருக்கலாம், அதன் உறவான 'ஸ்ட்ரையேட்டஸ்' இருக்கலாம், சில சமயம் எனக்கு வந்த மாதிரி முள் பாசியும் இருக்கலாம். நிறத்தை வைத்தும் கிளையை வைத்தும் ஊருக்கு ஊர் வேறு பெயர்கள் வேறு. இந்த நிலைமையில்தான் டி.என்.ஏ. உள்ளே வருகிறது.

எழுத்துக் கூட்டிப் படித்தல்

உயிரியல் படிக்காத நண்பர்களுக்காக ஒரு பத்தி. டி.என்.ஏ. என்பது ஏ, டி, ஜி, சி என்ற நாலே எழுத்தில் எழுதிய மிக நீண்ட புத்தகம். முழுவதையும் படிக்க வேண்டியதில்லை. எல்லா உறவுக்காரர்களிடமும் இருக்கிற, ஆனால் இனத்துக்கு இனம் கொஞ்சம் மாறுகிற ஒரு பக்கத்தைத் தேர்ந்தெடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் போதும். அந்த ஒரு பக்கத்தை மட்டும் கோடிக்கணக்கில் ஜெராக்ஸ் எடுக்கிற முறையை 1983இல் கண்டுபிடித்தவர் அமெரிக்காவின் கேரி மல்லிஸ். அதற்காக 1993இல் நோபல் பரிசும் வாங்கினார்.

2003இல் கனடாவின் பால் ஹெபர்ட், எல்லா விலங்குக்கும் ஒரே பக்கத்தைப் படிக்கலாம், கடைப் பொருள் மேல் இருக்கும் கோடுகளைப் போல அது அடையாளமாகும் என்றார். சுமார் 650 எழுத்து. 2005இல் நியூ பிரன்ஸ்விக் பல்கலைக்கழகத்தின் கேரி சாண்டர்ஸ் அதே பக்கம் சிவப்புப் பாசிகளுக்கும் பொருந்துகிறது என்று காட்டினார்.

பாசியில் டி.என்.ஏ. எடுப்பது லேசுப்பட்ட வேலை இல்லை. எங்கள் தொழிற்சாலைக்குச் சம்பளம் தரும் அந்தக் கராஜீனன்தான் இங்கே எதிரி. அந்த வழவழப்பு டி.என்.ஏ.வோடு ஒட்டிக்கொண்டே வந்து ஜெராக்ஸ் வேலையைக் கெடுக்கும். ஃபார்மலினில் போட்டு வைத்த பழைய மாதிரிகளிலும் எடுப்பது கஷ்டம். அதனால் கடலிலிருந்து எடுத்ததும் ஒரு சின்னத் துண்டை சிலிக்கா ஜெல்லில் போட்டு விடுகிறார்கள். புது ஷூ டப்பாவில் ஒரு சின்னப் பொட்டலம் இருக்குமே, அதே சரக்குதான். இன்னொரு வேடிக்கை: பிரித்தெடுத்த டி.என்.ஏ. சரியாக வந்திருக்கிறதா என்று ஒரு ஜெல் பலகையில் ஓட்டிப் பார்ப்பார்கள். அந்த ஜெல் அகரோஸ். அதுவும் சிவப்புப் பாசியிலிருந்து வருவதுதான். பாசியைப் படிக்கப் பாசியே பலகை!

ஒன்று சொல்லி விடுகிறேன். எத்தனை எழுத்து மாறினால் வேறு இனம் என்பதற்கு ஆண்டவன் கோடு போட்டுக் கொடுக்கவில்லை. அண்ணன் தம்பிக்குள்ளும் ஓரிரு எழுத்து மாறும். அதனால் கவனமானவர்கள் ஒரு பக்கத்தோடு நிறுத்துவதில்லை. செல்லின் வேறு வேறு பகுதிகளிலிருந்து இரண்டு மூன்று பக்கங்களைப் படித்து, எல்லாம் ஒரே தீர்ப்பைச் சொல்கிறதா என்று பார்க்கிறார்கள்.

தீர்ப்பு

2006இல் சுக்கரெல்லோ தலைமையில் ஒரு குழு, உலகத்தின் பல கரைகளில் பயிராகும் கப்பாஃபைகஸ், யூக்கீமா மாதிரிகளை ஒப்பிட்டு ஒரு கட்டுரை வெளியிட்டது. அதைப் படித்த அன்று என்னால் சாப்பிட முடியவில்லை என்று சொன்னால் மிகை. ஆனால் இரண்டு தடவை படித்தேன்.

முதல் விஷயம்: அல்வாரேசியும் ஸ்ட்ரையேட்டஸும் சந்தேகமில்லாமல் வேறு வேறு. ஹவாயிலும் கிழக்கு ஆப்பிரிக்காவிலும் கிடைத்த சில பாசிகள், பார்க்க அல்வாரேசி மாதிரி இருந்தாலும், எழுத்தில் தனியாக விலகி நின்றன. ஒரே பெயரில் மூன்று பேர்!

இரண்டாவது விஷயம் இதைவிடப் பெரியது. உலகம் முழுக்கப் பயிர் செய்யும் அல்வாரேசி, எந்த நாட்டிலிருந்து எடுத்தாலும், மைட்டோகாண்ட்ரியா எழுத்தில் கிட்டத்தட்ட ஒன்றேதான். காரணம் புரிகிறது அல்லவா? இதற்கு விதை கிடையாது. ஒரு கிளையை ஒடித்துக் கட்டினால் அது வளரும், அதை ஒடித்து அடுத்த நாட்டுக்குக் கொடுத்தால் அங்கே வளரும். பிலிப்பைன்ஸில் எடுத்த கிளைகள் தான்சானியா வரை போயின. மைட்டோகாண்ட்ரியா ஒன்றாக இருப்பதால் மட்டும் எல்லாமே ஒன்று என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் ஒடித்து ஒடித்துப் பரப்பிய வரலாற்றையும் சேர்த்துப் பார்த்தால், பல நாட்டு மீனவக் குடும்பங்களின் அடுப்பு மிகக் குறுகிய ஒரு வம்சத்தை நம்பி எரிகிறது என்று தெரிகிறது. அதற்கு ஒரு நோய் வந்தால் எல்லோருக்கும் வரும். வராமலும் இல்லை. கிளை வெள்ளையாகி ஒடிந்து விழும் 'ஐஸ்-ஐஸ்' நோயைப் பிலிப்பைன்ஸ் விவசாயிகள் 1970களிலேயே பார்த்துவிட்டார்கள்.

பெயர் வேறு வேறாக இருந்ததால், பல ரகம் இருக்கிறது என்று நினைத்த இடத்தில் இருந்தது ஒன்று. பெயர் ஒன்றாக இருந்ததால், ஒன்று என்று நினைத்த இடத்தில் இருந்தது பல.

இந்த இரண்டாவது வகைக்கு இன்னும் பெரிய உதாரணம் 2013இல் வந்தது. 'போர்ட்டியேரியா ஹார்ன்மன்னி' என்று ஒரு சிவப்புப் பாசி. இந்தியப் பெருங்கடலிலும் பசிபிக்கிலும் எங்கும் இருக்கும் சாதாரணப் பாசி என்று நினைத்திருந்தார்கள். பிலிப்பைன்ஸ் மாதிரிகளை மட்டும் டயோலி ஆன் பாயோவும் சக ஆய்வாளர்களும் படித்துப் பார்த்ததில், அந்த ஒரு பெயருக்குள் 21 இனங்கள் இருந்தன. அவற்றில் பல அந்தத் தீவுக் கூட்டத்தின் ஒரு சிறு பகுதியைத் தாண்டி வேறெங்கும் கிடைக்கவில்லை.

'சரி, ஒன்று 21 ஆனால் என்ன குடி முழுகிப் போச்சு?' என்று நானும் முதலில் நினைத்தேன். யோசித்துப் பாருங்கள். ஒரே இனம், எல்லாக் கடலிலும் இருக்கிறது என்றால் ஒரு கரையில் அழிந்தாலும் கவலை இல்லை, வேறு கரையில் இருக்கும். ஆனால் அந்தக் கரையில் இருந்தது அங்கு மட்டுமே இருக்கும் தனி இனம் என்றால், அது போனால் போனதுதான். பெயர் தெரியாமலே போய்விடும்.

மூன்றாவது தீர்ப்பு 2014இல் வந்தது. எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். மலேசியாவின் சபா கடற்கரையில் கப்பாஃபைகஸ் பயிர் செய்பவர்கள் ஒரு ரகத்தை 'ஆரிங்-ஆரிங்' என்று தனிப் பெயர் சொல்லி அழைத்து வந்தார்கள். புத்தகம் படித்தவர்களுக்கு அதுவும் அல்வாரேசியாகவே தெரிந்தது. மலாயா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் டி.என்.ஏ.வைப் படித்தபோது அது தனி இனம் என்று தெரிந்து, 'கப்பாஃபைகஸ் மலேசியானஸ்' என்று பெயர் வைத்தார்கள். கயிறு கட்டுகிறவர்கள் ஏற்கெனவே பிரித்து வைத்திருந்ததை விஞ்ஞானம் பின்னால் வந்து ஒப்புக்கொண்டது.

உழைக்கிறவன் கண் எப்போதும் தப்பாது என்றும் நான் சொல்ல வரவில்லை. பச்சை, பழுப்பு, சிவப்பு என்று விவசாயிகள் தனித்தனியாக வைத்திருந்த அல்வாரேசி ரகங்கள் பல, எழுத்தில் ஒன்றாகவே வந்தன. கண்ணுக்கும் சோதனை வேண்டும், சோதனைக்கும் கண் வேண்டும்.

நம் கரைக்கு வந்த கதை

இந்தப் பாசி நம் கரைக்கும் வந்தது. மத்திய உப்பு மற்றும் கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனம் 1980களில் சிறிதளவு விதைப் பாசியைக் கொண்டு வந்து குஜராத் கரையில் வளர்த்துப் பார்த்து, 1990களின் நடுவில் மண்டபத்தில் சோதித்தது. 2000க்குப் பிறகு பெப்சி நிறுவனத்தின் மூலம் வணிகப் பயிரானது. மூங்கில் மிதவை கட்டி, 45 நாளில் அறுவடை. சுய உதவிக் குழுப் பெண்களுக்கு நல்ல வருமானம். மக்கள் அதற்கு வைத்த பெயர் 'பெப்சி பாசி'. லத்தீன் பெயர்ப் பட்டியலோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

2008இல் அந்தப் பாசி குருசடைத் தீவில் பவளப் பாறைகள் மேல் படர்ந்திருப்பதாக 'கரண்ட் சயின்ஸ்' இதழில் ஒரு ஆய்வுக் கட்டுரை வந்தது. 1927இலேயே எம்.ஓ.பி. அய்யங்கார் பாசி வகைகளைப் பதிவு செய்த அதே தீவு. 2013ஐ ஒட்டி ராமநாதபுரம் கரையில் பயிர் பெருமளவில் மடிந்து உற்பத்தி சரிந்தது. சிறிதளவு விதையில் தொடங்கி ஒடித்து ஒடித்தே பரப்பிய பயிர் தடுமாறினால் பதிலுக்கு வைக்க வேறு ரகம் கையில் இல்லை என்பதைச் சம்பளம் இழந்த குடும்பங்கள்தான் முதலில் உணர்ந்தன.

போன வருஷம் அந்த அக்காவைப் பார்க்க அவர் ஊருக்குப் போயிருந்தேன். நான் தொழிற்சாலையை விட்டு வெகு நாளாகிவிட்டது. அவரும் வேலையை விட்டு ஊரோடு வந்துவிட்டார். கரையில் ஒதுங்கிக் கிடந்த பாசிகளைக் காலால் தள்ளிக்கொண்டே பெயர் சொன்னார். மரிக்கொழுந்து, கஞ்சிப் பாசி, கட்டக்கோரை, பக்கோடாப் பாசி. முதல் இரண்டும் அகருக்குப் போகும், மற்ற இரண்டும் பழுப்புப் பாசிகள். "கட்டக்கோரைன்னு சொல்றது ஒண்ணு இல்ல தம்பி, அதுலயும் வித்தியாசம் இருக்கு" என்று மூன்றைப் பிரித்து வைத்தார். எனக்கு வழக்கம்போல ஒன்றாகத்தான் தெரிந்தது. அவர் சொல்வது சரியா, அல்லது ஒரே பாசியின் மூன்று வயதா? அதைச் சொல்லும் கருவி இப்போது நம்மிடம் இருக்கிறது. கேட்டு எழுதிக்கொள்ளத்தான் ஆள் வேண்டும்.

2012 ரிப்போர்ட்டைப் பற்றி அன்றுதான் அவரிடம் சொன்னேன். "உங்க பேரை நான் எழுதலக்கா. நான் கண்டுபிடிச்ச மாதிரி எழுதிட்டேன். இப்போ காலேஜ் மலர்ல எழுதப் போறேன், உங்க பேரைப் போடட்டுமா?"

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "எம் பேரு எதுக்குத் தம்பி. அப்பவே எழுதியிருந்தா கூலி அஞ்சு ரூவா கூடக் கேட்டிருப்பேன். இப்ப பாசி பேரை எழுதுங்க, அது போதும்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அதனால் எழுதிவிட்டேன். இப்போது நம் கல்லூரியில் படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். ராமேஸ்வரம் பக்கம் டூர் போனால் கரையில் ஒதுங்கிய பாசியில் ஒரு சின்னத் துண்டு எடுத்து சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு ஒரு கவரில் போடுங்கள். தீவுப் பகுதி தேசியப் பூங்கா, அங்கே கை வைக்காதீர்கள். கவர் மேல் தேதி, இடம் எழுதுங்கள். பக்கத்தில் நிற்கும் அக்காவிடம் அதன் பெயர் என்னவென்று கேட்டு அதையும் எழுதுங்கள். சொன்னவர் பெயரையும், அவர் சம்மதித்தால், அன்றைக்கே எழுதிவிடுங்கள். என்னைப் போல 12 வருஷம் கழித்துப் போய் நிற்காதீர்கள்.

பின்குறிப்பு: நெட்டை இந்த வருஷம் ரீயூனியனுக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறான். ஆம்லெட் பாக்கி இன்னும் இருக்கிறது.